இரண்டாம் குழு

கணினி குலுக்கிப் போட்டதில்
நாங்கள் இரண்டாம் குழு.
உறையைப் பிரித்து ரஹாயு சொன்னார்:
முதல் குழுப் பெற்றோருக்குச் செவ்வாய்தோறும் வகுப்பு,
உங்களுக்கு இப்போதைக்குக் கையேடு,
பன்னிரண்டு வாரம் கழித்து உங்களுக்கும் உண்டு.
மிருதுளாவின் சிகிச்சை மாறாது;
அதே டாக்டர், அதே புதன்கிழமை.
நன்றி என்றேன்.
பிடோக் டெப்போவில் எந்த ரூட் தந்தாலும்
நன்றி என்று வாங்கிக்கொள்கிறவன் நான்.

படிவம் தமிழில் இருந்தது.
'கடந்த ஏழு நாள்களில் பராமரிப்பின் சுமையை
எவ்வளவு உணர்ந்தீர்கள்? பூஜ்யம் முதல் நான்கு வரை.'

சுமை.
எடை பார்க்கும்போது
எண்ணுக்கு முதுகு காட்டி நிற்கிறாள் மகள்.
நர்ஸ் குறித்துக்கொள்கிறார். நான் கேட்பதில்லை.
கேட்டால் என் முகத்தில் படித்துவிடுவாள்.
எடையே தெரியாதவனிடம்
சுமையைக் கேட்கிறது தாள்.
மூன்று என்று வட்டமிட்டேன்.
நான்கு போட்டால்
இறக்கி வைக்கச் சொல்வார்களோ என்று பயம்.

நூற்றிருபது பேர் ஏறும் இரட்டை மாடி பஸ்ஸைத்
தெம்பனிஸ் வளைவில் இம்மி பிசகாமல் திருப்புவேன்.
அரைக் கிண்ணம் தயிர்சாதத்தை
மேசையிலிருந்து அவள் வாய்வரை நகர்த்த முடியவில்லை.
கெஞ்சினேன். போனைப் பிடுங்கினேன்.
ஒரு ராத்திரி
யாருக்காக இந்த நாடகம் என்றும் கேட்டுவிட்டேன்.
பூரணி ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு
உள்ளே பார்த்தபடியே நின்றாள், வெகுநேரம்.
லிஃப்டில் யாராவது 'சாப்பிட்டாச்சா?' என்றால்
மூன்று பேரும் மாடி எண்கள் இறங்குவதைப் பார்ப்போம்.

ஆறாம் வாரம், மருந்து வரிசையில்,
என் சீருடையைப் பார்த்துப் பேச்சுக்கொடுத்தார் கோ.
மகனுக்குப் பதினான்கு, நீச்சல்காரன்.
முதல் குழு.
கீழ்த்தளத்தில் கோப்பி-ஓ கோசோங் ஆறிக்கொண்டிருக்க
டோட்டோ சீட்டைத் திருப்பி இரண்டு வட்டம் வரைந்தார்.
இது பையன். இது நோய்.
கத்துவது இது, நீங்கள் பேசவேண்டியது இவனிடம்.
பேரம் கூடாது. பிரசங்கம் கூடாது.
பக்கத்தில் உட்கார். 'அடுத்த வாய்' என்று மட்டும் சொல்.
பஸ்ஸில் ஒருத்தன் கத்தினால் ஸ்டியரிங்கை விடுவாயா?
மாட்டேன்.
ஆ, அதான் லா.

அன்றிரவு ஒரு மணி பத்து நிமிடம்.
பாதித் தட்டு என் சட்டையில் இருந்தது.
துடைத்துக்கொண்டு இன்னொன்று வைத்தேன்.
உன்னைப் பிடிக்கவேயில்லை என்றது அது.
'அடுத்த வாய்' என்றேன், அவளிடம்.
நாலு வாய்.
மறுநாள் இரண்டு.
அதற்கடுத்த நாள் ஒன்றுமில்லை,
டிஷ்யூ பெட்டிக்குள் அரை இட்லி இருந்தது.
ஞாயிறு ஏழு.

பன்னிரண்டாம் வாரம், கடைசிப் பக்கம்:
'ஆய்வுக் காலத்தில் வேறு உதவி ஏதேனும் பெற்றீர்களா?'
ரஹாயு ஸ்டேப்ளரைத் தேடிக்கொண்டிருந்தார்.
இல்லை என்று போட்டால்
கையேடே போதும் என்று எங்கோ ஒரு கோடு ஏறும்,
அடுத்த வருஷத்து அப்பன் ஒருவனுக்கு
வகுப்பே இல்லாமல் போகலாம்.
ஆம் என்றால்
கோவும் நானும் கணக்கிலிருந்தே விழலாம்.

ஆம்.
மூன்று கோப்பி, ஒரு டோட்டோ சீட்டு.
யாரிடமிருந்து என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ரஹாயுவுக்குத் தமிழ் வராது, படித்துக் காட்டச் சொன்னார்.
காட்டினேன்.
பேனா மூடியைக் கடித்தபடி
சற்று நேரம் தாளையே பார்த்தார்.
'ஸ்கோர் போட இதற்கு இடமில்லையே' என்றார்.
ஆனாலும் ஸ்டேப்ளர் அடித்தார்.

வெளியே நாற்காலியில் மிருதுளா
பத்தரை மணி பிஸ்கட்டை உடைத்து
மடியில் அடுக்கிவைத்திருந்தாள்.
எத்தனை துண்டு மிச்சம் என்று பார்க்கவில்லை.
பஸ் வரும் நேரம் பார்த்தேன்.